இடம் உண்டு, இருப்பிடம் உண்டா?

முழுநிலவு நாளில் அடி அண்ணாமலைப் பக்கம் போயிருக்கிறீர்களா, தோழர்களே? திருவண்ணாமலை நகரம் மலைக்குக் கிழக்கே கிடக்கிறது. அடி அண்ணாமலை மலைக்கு மேற்கே, 14 கிலோமீட்டர் சுற்றுப்பாதையின் மீதே அமைந்த சிற்றூர். மற்ற நாட்களில் ஆடும் மாடும் உழவரும் நடமாடும் அந்த வழியிலே, பௌர்ணமி இரவன்று மக்கள் வெள்ளம் புரளும். செருப்பின்றி நடப்போர், குழந்தையைத் தோளிலே சுமந்து நடப்போர், கைத்தடி ஊன்றி நடப்போர் என்று இலட்சக்கணக்கில் வருவர். வழிநெடுக அன்னதானம். புளிச்சோறும் தயிர்ச்சோறும் தொன்னை தொன்னையாய்க் கைமாறும். வாங்குபவனைப் பார்த்து, “நீ யார், எந்த ஊர், என்ன சாதி, தந்தையின் ஆண்டு வருமானம் எவ்வளவு, சான்றிதழ் எங்கே?” என்று கொடுப்பவர் கேட்பதில்லை. வந்தவன் பசித்தவன், பசித்தவனுக்குச் சோறு. அவ்வளவே கணக்கு.

மலையைச் சுற்றினால் வினை தீரும் என்பதை நாம் ஏற்பதில்லை. பாறை பாறைதான், அதைச் சுற்றியவன் பெறுவது கால்வலியும், கொஞ்சம் நல்ல காற்றும். ஆனால் அந்தத் தொன்னைச் சோற்றை நாம் எள்ளி நகையாட மாட்டோம். கேள்வி கேளாமல் கொடுக்கும் கை, எந்த நினைப்பிலே கொடுத்தாலும், நல்ல கை. நாம் கேட்பது வேறு. அந்தக் கை எவர் எதிரே நீளுகிறது, எவர் எதிரே மடங்குகிறது என்பதே நமது கேள்வி.

அதே திருவண்ணாமலையிலே 1966 முதல் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. வேலூரிலே 2002இல் தோன்றிய திருவள்ளுவர் பல்கலைக் கழகம் இருக்கிறது. சவ்வாது மலையின் சமுனாமரத்தூரிலிருந்து ஒரு மாணவன் பெட்டியும் பாயுமாக நகருக்கு வருகிறான். “நான் படிக்க வந்தவன், இரவு தலை சாய்க்க ஓர் இடம் வேண்டும்” என்கிறான். உடனே கேள்விகள் கிளம்புகின்றன. என்ன சாதி? என்ன வருமானம்? வீடு எத்தனை கிலோமீட்டர்? கையொப்பம் இட்டவர் யார்? அவன் விடுதியிலே இடம் பெற்றாலும், அது அவனுக்குக் காட்டப்பட்ட சலுகை என்றே ஊர் பேசும். புண்ணியம் தேடி வந்தவன் விருந்தினன். அறிவு தேடி வந்தவன் மனுதாரன்! இந்த வேறுபாட்டுக்கு அறநூல் எதிலாவது ஆதாரம் உண்டா?

அந்த ஊரின் பெயரை ஆதி அண்ணாமலை என்பார் சிலர், அடி அண்ணாமலை என்பார் சிலர். ஆதி எது என்ற ஆராய்ச்சியைப் புலவருக்கு விடுவோம். அடியிலே இருப்பவர் கதை நமக்குப் போதும்.

அடி அண்ணாமலையில், பூ கட்டி விற்கும் ஒரு தாயின் மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊர் மகிழும், ஆசிரியர் மகிழ்வர், நாளிதழில் படம் வரும். இடம் கிடைத்த ஊரோ திருநெல்வேலி. நான்கரை ஆண்டுப் படிப்பு, அதன்பின் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. ஆக ஐந்தரை ஆண்டுகள் அவள் ஓரிடத்திலே உறங்கவேண்டும், உண்ணவேண்டும், நள்ளிரவில் விளக்கெரித்துப் படிக்கவேண்டும். மருத்துவப் படிப்பு மற்றப் படிப்புப் போன்றதன்று. பிள்ளைப்பேறு பகலிலே மட்டும் நிகழ்வதில்லை. பாம்பு கடிகாரம் பார்த்துக் கடிப்பதில்லை. பயிலும் மருத்துவர் மருத்துவமனையின் அருகே வாழவேண்டும். எனவே கல்லூரியிலே இடம் என்பது பாதி. தங்க இருப்பிடம் என்பது மறுபாதி. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை மறந்தால், பாலம் கட்டி ஆற்றின் நடுவிலே நிறுத்தியதற்கு ஒப்பாகும்.

இது வெறுங் கற்பனையன்று. 2020இல் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் வந்தது. 2017 முதல் நீட் தேர்வு எழுப்பிய மதிலில், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் திறக்கப்பட்ட சிறு வாயில் அது. முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 400 இடங்கள் அவர்களுக்கு வந்தன. ஆனால் நடந்ததென்ன? தனியார் கல்லூரியிலே இடம் பெற்ற சில பிள்ளைகள், கலந்தாய்வு மேடை வரை வந்து, கட்டணத்தைக் கேட்டு, வந்த வழியே திரும்பினர். வென்றவர் தோற்றுத் திரும்பினர்! பிறகுதான், 2020 நவம்பரில், கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. விடுதிக் கட்டணம் என்ற அந்த ஒரு சொல்லைச் சேர்க்காமல் விட்டிருந்தால், சட்டம் ஏட்டிலே இருந்திருக்கும். பிள்ளைகள் வீட்டிலே இருந்திருப்பர்.

இடத்துக்காக நாம் நடத்திய போராட்டம் பெரிது. 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கிலே வகுப்புரிமை ஆணை செல்லாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது, தமிழகம் கொதித்தது, அவ்வாண்டே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் பிறந்தது. அந்த வழக்கும் மருத்துவக் கல்லூரி இடம் பற்றியதே. அந்த வரலாற்றை நம் இளைஞர் தேதியோடு சொல்லுவர். இருப்பிடத்தின் வரலாற்றைச் சொல்லுவார் குறைவு.

இங்கே ஒரு குரல் எழுகிறது. நன்றாக உண்டு, நன்றாக உறங்கி எழுந்த குரல். “இலவசமாய்ச் சோறு, இலவசமாய்ப் படுக்கை, இலவசமாய்ப் புத்தகம் என்று கொடுத்துக்கொண்டே போனால் தகுதி எப்படி வளரும்? தகுதி உடையவன் தெருவிளக்கிலே படித்தாவது முன்னேறுவான்” என்கிறது அந்தக் குரல். தெருவிளக்கைப் பற்றி இவ்வளவு உருக்கமாகப் பேசுவோர் எவரும் தம் பிள்ளையை அதன் அடியிலே உட்காரவைத்ததை நாம் கண்டதில்லை. அது கிடக்கட்டும். தகுதி என்பது என்ன? விதையா, விளைச்சலா? மனிதனுக்கு உள்ளேயே முழுதாய் இருக்கும் பொருளா, அல்லது கூரையும் சோறும் விளக்கும் அமைதியும் ஆசானும் கூடி உண்டாக்கும் பொருளா? இதற்கு விடை சொல்ல நாம் எதிர்வாதம் செய்ய வேண்டியதில்லை. கல்வெட்டுகளே விடை சொல்லுகின்றன.

விழுப்புரம் பக்கத்திலே எண்ணாயிரம் என்று ஓர் ஊர். முதலாம் இராசேந்திர சோழன் காலத்திலே, பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில், அங்கே ஒரு கல்லூரி நடந்தது. இளநிலை மாணாக்கர் 270 பேர். மேல்நிலை மாணாக்கர் 70 பேர். ஆக 340 பேர். கற்றவை வேதங்கள், இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம். வேதம் ஓதும் இளைஞன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல் அளக்கவேண்டும் என்று கல்லிலே வெட்டி வைத்தார்கள். கட்டணம் கேட்கவில்லை. “இலவசம் சோம்பேறியாக்கும்” என்று அரசவையிலே எவரும் எழுந்து முழங்கியதாகக் கல்வெட்டு சொல்லவில்லை!

இன்னொன்று திருமுக்கூடல். சவ்வாது மலையிலே பிறந்து, திருவண்ணாமலை மாவட்டத்து வயல்களை நனைத்து ஓடும் செய்யாறு, பாலாற்றோடும் வேகவதியோடும் கூடும் ஊர் அது. வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு அங்கே உள்ள பெருமாள் கோயிலிலே இருக்கிறது. கோயிலோடு சேர்ந்து ஒரு வேதக் கல்லூரி. மாணாக்கர் உண்டு உறங்க விடுதி. அவர்களுக்கும் ஆசிரியர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் நோய் வந்தால் பார்க்க, வீரசோழன் என்ற பெயரிலே ஓர் ஆதுலசாலை. ஆதுலசாலை என்றால் மருத்துவமனை. அதிலே 15 படுக்கைகள். மருத்துவர் ஒருவர், அறுவை செய்வோர் ஒருவர், மூலிகை கொணர்வோர், மருந்தூட்டும் பெண்டிர், இன்னும் நாவிதர், தண்ணீர் கொணர்வோர் என்று ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நெல், இவ்வளவு காசு என்று கணக்கு. ஓராண்டுக்கு இருப்பில் இருக்கவேண்டிய மருந்துகளின் பெயர்கூட உண்டு. மாணாக்கர் படுக்கப் பாய்; சனிக்கிழமை தலை முழுக எண்ணெய்; இரவிலே எரிக்க விளக்கெண்ணெய்ச் செலவு. ஒரு மாணவன் படிக்க என்னவெல்லாம் வேண்டும் என்பதை அந்தக் கல்வெட்டு எழுதியவன் நன்றாக அறிந்திருந்தான். சனிக்கிழமை எண்ணெயைக்கூட மறக்காதவன்! இன்றைய விடுதிகளுக்கு ஒதுக்கீடு எழுதும் அதிகாரிகள் அந்தக் கல்லின் முன்னே ஒரு நாள் உட்கார்ந்து வரலாம்.

சோழனின் ஏற்பாட்டை நாம் பழிக்கவில்லை, பாராட்டுகிறோம். ஒரே ஒரு கேள்வியோடு பாராட்டுகிறோம். அந்த நெல் எங்கிருந்து வந்தது? உழுதவன் யார், நாற்று நட்டவள் யார், சுமந்து வந்து அளந்தவன் யார்? அவன் மகன் அந்த விடுதியிலே பாய் விரித்தானா? விரிக்கவில்லை. சேற்றிலே நின்றவன் நெல்லைக் கொடுத்தான். நிழலிலே இருந்தவன் கல்வியைப் பெற்றான். ஒரு தலைமுறை அன்று, இரண்டு தலைமுறை அன்று, பல நூற்றாண்டுகள் இது நடந்தது. அதற்குப் பிறகு, நெல் கொடுத்தவன் பேரன் வந்து, “எனக்கும் ஒரு பாய்” என்று கேட்டால், “உனக்குத் தகுதி இல்லை, இருந்தால் பாயின்றியே படித்திருப்பாய்” என்பது நேர்மையான பேச்சா? ஊர்ச் செலவிலே விளைந்ததைப் பிறவியிலே வந்ததாகச் சொல்லுவதுதான் இந்த நாட்டிலே நடந்த மிகப் பெரிய கணக்குப் புரட்டு.

தகுதி பொய் என்று நாம் சொல்லவில்லை. அறுவை செய்பவன் கை நடுங்கக்கூடாது. மருந்தின் அளவு தெரியாதவன் மருத்துவனாகக் கூடாது. தகுதி மெய். ஆனால் அது ஒருவன் தனிச்சொத்து அன்று. அதிலே பலர் பங்கு உண்டு. அந்தப் பங்கு எவருடையது என்று கேட்பதுதான் நமது வழக்கு.

மேலைநாட்டார் கதையும் இதுவே. பாரிசு நகரிலே 1180இல் நடந்தது ஒன்றைக் கேளுங்கள். இலண்டனைச் சேர்ந்த சோசியசு என்ற செல்வர் எருசலேம் சென்று தீர்த்த யாத்திரை முடித்துத் திரும்பும் வழியில், பாரிசின் பெரிய மருத்துவமனையான ஓத்தெல் தியூவைக் கண்டார். அங்கே ஓர் அறையிலே ஏழை மாணவர் சிலர் தங்கியிருந்தனர். அந்த அறையை அவர் விலைக்கு வாங்கினார். 18 மாணவருக்கு 18 படுக்கைகள் என்றைக்கும் இருக்கவேண்டும், மாதந்தோறும் அறப்பெட்டியிலிருந்து அவர்களுக்குக் கைக்காசு தரவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். மாணவர் செய்யவேண்டிய கைம்மாறு என்ன தெரியுமா? அந்த மருத்துவமனையிலே இறப்போரின் உடலுக்கு முன்னே முறைவைத்துச் சிலுவை ஏந்திச் செல்லவேண்டும். இரவிலே சில வேண்டுதற் பாடல்களை ஓதவேண்டும். பதினெண்மர் கல்லூரி என்று பெயர் பெற்ற அதுதான் பாரிசுப் பல்கலைக் கழகத்தின் முதற் கல்லூரி. கல்லூரி என்ற அமைப்பே அங்கே முதலில் ஏழை மாணவர் தங்கும் வீடாகத்தான் தோன்றியது. புகழ்பெற்ற சோர்போனும் 1257ஆம் ஆண்டளவில் அப்படித்தான் பிறந்தது. பாடம் பிறகு வந்தது. படுக்கை முதலில் வந்தது.

ஒரு யாத்திரிகன், ஒரு மருத்துவமனை, ஓர் ஏழை மாணவர் விடுதி. திருவண்ணாமலையிலே யாத்திரிகருக்குப் பஞ்சமா? மருத்துவமனைக்குப் பஞ்சமா? ஏழை மாணவருக்குத்தான் பஞ்சமா?

நம் நாட்டிலும் இதைச் செய்தவர் உண்டு. செய்தவரும் ஒரு மருத்துவரே. சென்னைத் திருவல்லிக்கேணியில் மருத்துவத் தொழில் நடத்திய டாக்டர் சி. நடேசனார், முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டித் திராவிடர் இல்லம் என்ற மாணவர் விடுதியைத் தொடங்கினார். வெளியூரிலிருந்து கல்லூரிக்கு வந்த பார்ப்பனரல்லாத மாணவர்க்கு நகரத்திலே உண்ணவும் உறங்கவும் மதிப்போடு ஓர் இடமில்லை. நோயாளியின் நாடி பார்த்த அந்தக் கை, சமுதாயத்தின் நாடியையும் பார்த்தது. நோய் எங்கே என்று சரியாகக் கண்டது: இடத்திலே அன்று, இருப்பிடத்திலே. அந்த இல்லம் நெடுநாள் நடக்கவில்லை. பொருள் போதாமல் மூடப்பட்டது. ஆனால் அங்கே தங்கியவர்களாகச் சொல்லப்படுவோரைப் பாருங்கள்: சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர். கே. சண்முகம் செட்டியார், பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக் கழகத் துணைவேந்தரான டி. எம். நாராயணசாமிப் பிள்ளை. சில ஆண்டே எரிந்த அடுப்பு. எத்தனை வீட்டுக்கு வெளிச்சம்!

பெண்களின் நிலை இதினும் கடினம். சென்னை மருத்துவக் கல்லூரியிலே பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் கதவைத் தேவதாசிக் குலத்துச் சிறுமியர் வந்து தட்டினர். படிக்க விருப்பம், ஆனால் சாதிக்கொன்றாய் இருந்த விடுதிகளிலே அவர்களைச் சேர்ப்பார் இல்லை. தம் வீட்டிலேயே அவர்களை ஏற்றார். அதிலிருந்து அவ்வை இல்லம் எழுந்தது. 1930ஐ ஒட்டிய காலம் அது. எந்தச் சட்டமன்றத்திலே எவ்வளவு பேசினாலும், இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டும் ஒரு பெண்ணுக்குக் கதவைத் திறக்கும் ஒருவர் வேண்டும்.

கதவு திறந்தால் போதுமா? உள்ளே போன பிறகு எங்கே உட்காரவைக்கிறார்கள் என்பதும் உண்டே! சேரன்மாதேவியை நாம் மறப்பதற்கில்லை. வ. வே. சு. ஐயர் அங்கே தமிழ்க் குருகுலம் நடத்தினார். நாட்டுப்பற்றிலே குறைந்தவர் அல்லர் ஐயர்; தமிழிலும் குறைந்தவர் அல்லர். தமிழ்நாடு காங்கிரசுக் கமிட்டியின் பணமும் அந்தக் குருகுலத்துக்குச் சென்றது. அங்கே பார்ப்பனச் சிறுவர் இருவருக்குத் தனிச் சாப்பாடு. “பெற்றோர் விருப்பம்” என்றார்கள். பெரியாரும் டாக்டர் வரதராசுலு நாயுடுவும் அதை நாடறியச் செய்தனர். 1925இல் அது தமிழ்நாட்டையே இரு கூறாக்கியது. இரண்டு சிறுவர் தனியே உண்டதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று அன்றும் கேட்டனர், இன்றும் கேட்பார் உண்டு. பாடநூலிலே எழுதியதை ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் தேர்வுக்குப் பிறகு மறந்துவிடுவர். சாப்பாட்டறையிலே கற்றது சாகும்வரை மறக்காது. விடுதி என்பது பள்ளிக்குப் பக்கத்திலே இருக்கும் கட்டடம் அன்று. அதுவே இன்னொரு பள்ளி. அங்கே பாடம் நடத்துவது, எவன் எவன் பக்கத்திலே உட்காருகிறான் என்ற ஏற்பாடு.

இதெல்லாம் பழங்கதை என்று எண்ண வேண்டாம். நாட்டின் தலைசிறந்த மருத்துவப் பயிற்சிக் கூடம் எனப்படும் தில்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தைப் பற்றி, பேராசிரியர் தோரட் தலைமையிலே அமைந்த குழு 2007இல் அறிக்கை தந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பு, பழங்குடி மாணவர்கள் தொல்லை தாளாமல் அறை மாறி மாறி, விடுதிகளின் மேல்மாடிகளிலே ஒதுங்கி வாழும் நிலையை அந்த அறிக்கை வெளிப்படுத்தியது. எண்ணிப் பாருங்கள்! காலையிலே பிணவறையில் ஓர் உடலை அறுத்துப் பார்க்கிறான் மாணவன். தோலை விலக்குகிறான், தசையை விலக்குகிறான், நரம்பையும் நாளத்தையும் ஒவ்வொன்றாய்ப் பெயர் சொல்லிப் பிரிக்கிறான். இதயத்தைக் கையிலே ஏந்திப் பார்க்கிறான். சாதி என்ற உறுப்பை அவன் எங்கும் காணவில்லை. எந்த நூலிலும் அதன் படம் இல்லை. மாலையிலே விடுதிக்குத் திரும்புகிறான். மாடிப்படியிலே ஏறும்போது எந்த மாடியில் எந்தச் சாதி என்று அறிந்து ஏறுகிறான்! அறிவியலைக் கையால் கற்றவன் நெஞ்சால் கற்கவில்லை என்றால், அவனுக்குப் பட்டம் கொடுத்தவர் எதைச் சோதித்தார்?

தமிழ்நாட்டிலே 2025 சூலையில், ஆதிதிராவிடர் விடுதி, பிற்படுத்தப்பட்டோர் விடுதி என்று துறைக்கொரு பெயர் தாங்கி நின்ற மாணவர் விடுதிகள் எல்லாம் சமூகநீதி விடுதிகள் என்றே அழைக்கப்படும் என்று அரசு அறிவித்தது. நல்ல செயல். “எந்த விடுதி?” என்று கேட்டு ஒரு பிள்ளையின் சாதியை அறிந்துகொள்ளும் குறுக்கு வழி ஒன்று அடைபட்டது. ஆனால் பலகையை மாற்றுவது ஒரு நாள் வேலை. கூரை ஒழுகாமல் இருப்பதும், கழிப்பறையிலே தண்ணீர் வருவதும், பெண்கள் விடுதியின் வாயிலிலே விளக்கு எரிவதும் ஆண்டின் 365 நாள் வேலை. பெயரிலே நீதி இருந்து குழம்பிலே பருப்பு இல்லாமற் போனால், பிள்ளைகள் பெயரையும் சேர்த்தே நகையாடுவர்.

விடுதி ஒரு பிடியும் ஆகும், இதையும் சொல்லிவிடுவோம். கொடுத்த கூரையைப் பறிப்போம் என்று மிரட்டினால், கொடை அடிமைச் சங்கிலியாகும். சிதம்பரத்திலே அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் மருத்துவக் கல்லூரி மாணவர், அரசுக் கல்லூரிக் கட்டணமே எங்களுக்கும் வேண்டும் என்று வாரக்கணக்கிலே அறப்போர் நடத்தினர். (பெயரிலே அண்ணாமலை இருந்தாலும், 1929இல் பிறந்த அந்தப் பல்கலைக் கழகம் நம் மலையடியிலே இல்லை.) 2021 சனவரியிலே கல்லூரியை மூடி, விடுதியைக் காலி செய்யுமாறு அவர்களுக்கு ஆணை பிறந்தது. மாணவர் அசையவில்லை. பின்னர் அந்தக் கல்லூரி அரசின் மருத்துவத் துறையின்கீழ் வந்தது. நியாயம் கேட்ட மாணவனிடம் முதலில் பறிக்க நினைத்தது எதை என்று பாருங்கள்: வகுப்பறையை மட்டும் அன்று, படுக்கையையும்.

இனி, கடினமான கேள்விக்கு வருவோம். ஊர் நெல்லிலே உண்டவன் ஊருக்கு என்ன கடன்பட்டான்? பதினெண்மர் கல்லூரி மாணவனுக்குச் சிலுவை ஏந்தும் கடன் இருந்தது. நமக்கு அண்டையிலே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஐடா சுகடர் அம்மையார் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்த்த நிலையம் அது. ஆண்களுக்கு அங்கே இடம் வந்தது 1947இல்தான்! திருச்சபைகளின் ஆதரவிலே அங்கே சேர்ந்து படித்தோர், படித்து முடித்தபின் தேவையுள்ள மருத்துவமனைகளிலே இரண்டாண்டு பணி செய்யவேண்டும் என்ற ஏற்பாடு அங்கே உண்டு. மதத்தின் பெயரால் செய்ததாயினும், அதன் உள்ளே இருக்கும் அறம் நமக்கு உடன்பாடு. பெற்றவன் திருப்பித் தரவேண்டும்; பெற்ற இடத்துக்கே அன்று, இன்னும் பெறாதவன் இருக்கும் இடத்துக்கு.

ஆனால் இந்தக் கடனை எவரிடம் கேட்கிறோம்? சவ்வாது மலைப் பையன் மருத்துவனானால், “அரசு சோறு தின்று படித்தாயே, மலைக்குத் திரும்பிப் போகவேண்டாமா?” என்று நாலு பேர் கேட்பர். நகரத்து மாளிகையிலிருந்து வந்து, அதே அரசுக் கல்லூரியிலே, அதே அரசுச் செலவிலே பயின்றவன் கடல் கடந்து சென்றால், “பையன் முன்னுக்கு வந்துவிட்டான்” என்று அதே நாலு பேர் மாலை போடுவர். அரசு மருத்துவக் கல்லூரியின் கட்டடம், கருவி, ஆசிரியர் ஊதியம், பிணவறை மேசை, ஏன், தன் உடலைக் காட்டிப் பாடம் கற்பித்த ஏழை நோயாளி வரையில் எல்லாம் பொதுமக்கள் கொடுத்தவை. மாணவன் கட்டும் கட்டணம் அதிலே ஒரு மூலைக்கும் காணாது. விடுதிப் பிள்ளை உண்ட சோறு கண்ணுக்குத் தெரிகிறது. மாளிகைப் பிள்ளை உண்ட கல்லூரி கண்ணுக்குத் தெரிவதில்லை. இருவரும் கடனாளிகளே. கடன் கேட்பதானால் இருவரிடமும் கேளுங்கள். மன்னிப்பதானால் இருவரையும் மன்னியுங்கள். ஏழையிடம் மட்டும் நன்றி கேட்பது, நன்றி என்ற நற்பண்பையே சாதி வரியாக்கும் வேலை.

நன்றி என்ற பெயரால் ஒருவனை வாழ்நாள் முழுதும் குனிய வைப்பதையும் நாம் ஒப்புவதில்லை. மலைக்குப் போகும் மருத்துவருக்கு அங்கே வீடு உண்டா? விளக்கு உண்டா? அவர் பிள்ளைக்குப் பள்ளி உண்டா? இருப்பிடம் இல்லாததால் மாணவன் கல்லூரிக்கு வர முடியவில்லை. அதே காரணத்தால் மருத்துவர் மலைக்குப் போக முடியவில்லை. மேலே ஒரு கதவு, கீழே ஒரு கதவு. இரண்டுக்கும் ஒரே பூட்டு. பூட்டைத் திறக்காமல் மருத்துவருக்குத் தியாக உபதேசம் செய்வது, பசித்தவனுக்கு விரத மகிமை சொல்லுவது போன்றது.

திருவண்ணாமலைத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்லுகிறோம். நகரிலும் சுற்றுப்பாதையிலும் சத்திரங்கள் உண்டு, மடங்கள் உண்டு. சாதிப் பெயர் தாங்கியவையும் அவற்றிலே பல. முழுநிலவு நாளிலே அவை நிரம்பும். தேய்பிறை நாளொன்றிலே நாலு பேராகப் புறப்படுங்கள். ஒவ்வொரு சத்திரத்து வாயிலிலும் நின்று, எத்தனை அறை, அவற்றிலே எத்தனை பூட்டிக் கிடக்கின்றன என்று எண்ணுங்கள். கூச்சல் வேண்டாம், கொடியும் வேண்டாம். பொறுப்பாளரைப் பணிவோடு கண்டு, “ஐயா, கலைக் கல்லூரிப் பிள்ளைகளும் மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகளும் தங்குவதற்கு, எந்தச் சாதி என்று கேளாமல், இரண்டு அறை ஒதுக்குவீர்களா? விளக்குக்கும் தண்ணீருக்கும் ஆகும் செலவை நாங்கள் திரட்டித் தருகிறோம்” என்று கேளுங்கள். சிலர் சீறுவர். சிலர் சட்டம் பேசுவர். ஒருவரிருவர் சாவியை எடுக்கவும் கூடும். ஊர்ப் பெயர், அறைக் கணக்கு, அவர்கள் சொன்ன விடை ஆகியவற்றை அப்படியே எழுதி நமக்கு அனுப்புங்கள். அடி அண்ணாமலையிலிருந்து தொடங்குங்கள்.